அரை ஈரம்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் மூன்று நாள் தங்கியிருந்தேன். கீழே மிளகும் சுக்கும் மஞ்சளும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். அந்த வாசனை படியேறி வந்து படுக்கை விரிப்பு வரை ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் இரவு சன்னல் கட்டையில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து, அதில் எண்ணி இருபது யூரியாக் குருணைகளைப் போட்டேன். ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக, காய்ந்து, தட்டைச் சாய்த்தால் உருண்டோடின. மறுநாள் காலையில் குருணைகள் இல்லை. தட்டில் இருபது சின்னச் சின்ன நீர்த்துளிகள்தான் இருந்தன. மழை பெய்யவில்லை, யாரும் தண்ணீர் தெளிக்கவும் இல்லை. காற்றிலிருந்த ஈரத்தையே இழுத்துக் குடித்து யூரியா கரைந்துவிட்டது.

30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 73 சதவீதத்தைத் தாண்டினால் யூரியா இப்படி நீரை இழுக்கத் தொடங்கும். கொச்சியில் வருடத்தின் பெரும்பகுதி நாட்களில் இரவும் விடியற்காலையும் அந்த அளவைத் தாண்டியே இருக்கும். யூரியா மூட்டைக்குள் பிளாஸ்டிக் உறை இருப்பதும், பிரித்த மூட்டை நான்கு நாளில் பாறையாக இறுகுவதும் இதனால்தான்.

இந்தத் தட்டை இந்த அத்தியாயம் முழுவதும் நினைவில் வைத்திருங்கள். மானாவாரி நிலத்தில் உரம் வீணாகும் கதை இந்த இருபது துளிகளில் தொடங்குகிறது.

அதற்கு முன் உரம் வரும் வழியைப் பார்த்துவிடுவோம். மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று கிழக்கே பார்த்தால் காயலுக்கு அப்பால் வில்லிங்டன் தீவு தெரியும். ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலப் பொறியாளர் துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டி உருவாக்கிய தீவு அது. அங்கே கப்பலில் வந்திறங்கும் அம்மோனியா, பார்ஜ் படகுகளில் ஏறி, நீர்வழியாகவே உத்யோகமண்டலுக்குப் போகிறது. ஏலூரில் பெரியாற்றங்கரையில் உள்ள ஃபாக்ட் உர ஆலைதான் அதன் இலக்கு. தெற்கே சம்பக்கரைக் கால்வாய் வழியாக அம்பலமேட்டு ஆலைக்கு ராக் பாஸ்பேட்டும் கந்தகமும் போகும். கொச்சியின் காயல் மீனுக்கும் படகுக்கும் மட்டுமல்லாமல், தென்னிந்திய வயல்களின் நைட்ரஜனுக்கும் பாதையாக இருக்கிறது.

உத்யோகமண்டல் ஆலை பிறந்தது ஒரு பஞ்ச காலத்தில். 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. அந்த அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் தவித்தது. இருக்கும் நிலத்தில் கூடுதலாக விளைவிப்பதைத் தவிர வழியில்லை என்ற நிலையில், திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் உர ஆலைக்கு முனைந்தார். திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்கள் அதை நிறுவும் பொறுப்பை ஏற்றார்கள். 1943-இல் நிறுவனம் பதிவானது, 1947-இல் உற்பத்தி தொடங்கியது. ஆண்டுக்கு 50,000 டன் அம்மோனியம் சல்பேட் என்பது திட்டம். இந்தியாவில் பெரிய அளவில் எழுந்த முதல் நைட்ரஜன் உர ஆலை இதுதான்.

அம்மோனியா செய்யக் காற்றிலிருந்து நைட்ரஜனும் வேறெங்கிருந்தாவது ஹைட்ரஜனும் வேண்டும். ஜெர்மனியில் ஹேபரும் பாஷும் வகுத்த முறை அது. ஹைட்ரஜனுக்கு மற்ற நாடுகள் நிலக்கரியை எரித்தன. திருவிதாங்கூரில் நிலக்கரி இல்லை, காடு இருந்தது. ஆகவே விறகை வாயுவாக்கி அதிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை மரங்கள் எரிந்து அம்மோனியாவாக மாறி, உப்பாக உறைந்து, சாக்கில் ஏறின. பிறகு நாப்தா வந்தது, இப்போது இயற்கை எரிவாயு. அன்றைய அந்த விறகுக்கட்டைகளை நினைக்கும்போதெல்லாம், ஒரு கைப்பிடி உரத்தையும் வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் எனக்குள் அழுத்தமாக எழும்.

கொச்சியில் மூட்டையான உரம் கேரளத்தோடு நிற்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் கடந்து தமிழ்நாட்டுக்கும் வருகிறது. ஃபாக்டின் ஃபாக்டம்பாஸ் உரத்தின் பெயரைத் தமிழ்நாட்டு உரக்கடைகளில் கேட்காமல் இருக்க முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற செம்மண், இந்தப் பக்கம் கோவில்பட்டிச் சீமையில் 700 மில்லிமீட்டரை எதிர்பார்த்துக் கிடக்கிற கரிசல். ஒரே உப்பு இரண்டு மண்ணிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மூட்டையின்மேல் அச்சிட்ட சதவீதம் மண்ணில் விழுந்த மறுநாளே மாறிவிடுகிறது.

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல்காட்டு வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, சோளம் போட்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: “தம்பி, மூட்டையப் பிரிச்சு வீசின அன்னிக்கு ராத்திரியே தூறல் போட்டுச்சு. நல்ல சகுனம்னு நெனச்சேன். அப்புறம் பத்து நாள் வெயிலு. பயிரு மஞ்சளாவே நிக்கு. உரத்துல கலப்படம் பண்ணிட்டானா?”

“கலப்படம் இல்லை அண்ணாச்சி, அந்தத் தூறல்தான்” என்றேன். அவர் நம்பவில்லை. மழை உரத்தைக் கெடுக்குமா என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

யூரியாவைப் பயிர் அப்படியே பெரிதாக உறிஞ்சுவதில்லை. முதலில் அது உடைந்து அம்மோனியமாக வேண்டும். உடைப்பது யூரியேஸ் என்ற நொதி. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களிலும் மட்கிய சருகிலும் வைக்கோலிலும் அது நிறைய உண்டு. உலகில் முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட நொதியே யூரியேஸ்தான். நம் வாளவரைக்கு நெருங்கிய உறவான ஜாக் பீன் விதையிலிருந்து 1926-இல் அமெரிக்கர் ஜேம்ஸ் சம்னர் அதைப் பிரித்தெடுத்தார். சிறுவயதில் வேட்டைத் துப்பாக்கி விபத்தில் இடது கையை இழந்தவர் அவர், பிறவியிலேயே இடக்கைக்காரர். வலக்கையை மட்டும் பழக்கி ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருடம் போராடி அந்தப் படிகத்தைக் கண்டார். நொதி என்பது ஒரு புரதம் என்று அவர் சொன்னதைப் பெரிய வேதியியலாளர்களே ஏற்க மறுத்தார்கள். 1946-இல் நோபல் பரிசு வந்தது.

யூரியேஸ் வேலைசெய்ய நீர் வேண்டும். எலும்பாகக் காய்ந்த மண்ணில் விழுந்த யூரியாக் குருணை சும்மா கிடக்கும். நாள்கணக்கில் கிடந்தாலும் பெரிய இழப்பு இல்லை. காய்ந்த மண்ணில் உரம் போட்டால் ஆவியாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். முழுக்கக் காய்ந்த மண் உரத்தைக் கெடுப்பதில்லை. உரமிட்ட பின் நன்றாக நனைந்த மண்ணும் கெடுப்பதில்லை. கெடுப்பது இரண்டுக்கும் நடுவே உள்ள அரை ஈரம்.

மட்டாஞ்சேரித் தட்டு இங்கேதான் வருகிறது. கோவில்பட்டியின் பகல் வறண்டது, ஆனால் கார்த்திகை, மார்கழி இரவுகளில் அங்கும் பனி இறங்கும். அந்தப் பனியே குருணையைக் கரைக்கப் போதும். கரைந்த துளி மண்ணின் மேல்தோலிலேயே தங்கும், ஏனென்றால் அதைக் கீழே தள்ள அதற்கு மேல் நீர் இல்லை. யூரியேஸ் அதை உடைக்கும். உடைபடும்போது அந்தத் துளியைச் சுற்றி மண்ணின் காரத்தன்மை ஏறும், பி.எச். அளவு 9 வரைகூடப் போகும். அந்தக் காரத்தில் அம்மோனியம் என்ற கரைந்த அயனி அம்மோனியா என்ற வாயுவாக மாறுகிறது. காலையில் வெயில் ஏறி மண் காயக் காய வாயு கிளம்பிக் காற்றோடு போய்விடும். மறுநாள் இரவு மீண்டும் பனி, மறுநாள் காலையில் மீண்டும் இழப்பு. மோசமான சூழலில் இட்ட நைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் இப்படிப் பறந்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க முடியுமா? மட்டாஞ்சேரியில் மீதமிருந்த இரண்டு நாளும் அதற்குத்தான் செலவானது. கீழ்க்கடையில் வாங்கிய மஞ்சளைக் குழைத்து வெள்ளைக் காகிதத்தில் பூசிக் காயவைத்து நாடாவாக வெட்டிக்கொண்டேன். மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும் என்பது நம் வீடுகளில் தெரிந்த வேதியியல். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பது அதுதான். அம்மோனியாவும் காரம் என்பதால் ஈரமான மஞ்சள் காகிதத்தை அதுவும் சிவக்கவைக்கும்.

கோவில்பட்டியிலிருந்து எடுத்து வந்த கரிசலை வெயிலில் காயவைத்து மூன்று கண்ணாடி பாட்டில்களில் போட்டேன். முதலாவதில் காய்ந்த மண்ணின்மேல் பத்துக் குருணை யூரியா. இரண்டாவதிலும் அப்படியே, மேலே ஒரு கரண்டித் தண்ணீர் மட்டும் தெளித்தேன். மூன்றாவதில் பத்துக் குருணையை அடியில் வைத்து, மேலே இரண்டு அங்குலம் மண் போட்டு, மண் முழுவதும் நனையும்படி நீர் ஊற்றினேன். ஒவ்வொன்றின் வாயிலும் ஈரமான மஞ்சள் நாடா தொங்கவிட்டு மூடினேன். மறுநாள் மாலை இரண்டாவது பாட்டிலின் நாடா விளிம்பிலிருந்து சிவக்கத் தொடங்கியது. அதற்கடுத்த காலையில் அது முழுக்க ஆரத்தி நிறம். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது மாட்டுத்தொழுவத்தின் நெடி. முதலாவதும் மூன்றாவதும் மஞ்சளாகவே இருந்தன.

பெரியவரின் வயலில் நடந்தது இரண்டாவது பாட்டிலில் நடந்ததுதான். அன்று விழுந்த தூறல் நான்கு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு அது 16,000 லிட்டர் நீர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் காய்ந்த கரிசலில் அது முக்கால் அங்குல ஆழத்தைத் தாண்டாது. யூரியாவைக் கரைத்து மண்ணுக்குள் இரண்டு அங்குலம் இறக்க 12 மில்லிமீட்டராவது ஒரே மழையாகப் பெய்ய வேண்டும். அந்த ஆழத்துக்குப் போய்விட்டால் உடைந்து வரும் அம்மோனியத்தைக் களிமண் துகள்கள் பிடித்துக்கொள்ளும். களிமண்ணின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு, அம்மோனியத்தில் நேர்மின்னூட்டம். கரிசலைப் போல அம்மோனியத்தை இறுகப் பிடிக்கும் மண் குறைவு. உரம் கரிசலுக்குள் போனால் பத்திரம், கரிசலின்மேல் கிடந்தால் ஆபத்து.

கொச்சியில் செய்த இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். அம்மோனியம் சல்பேட்டை ஆலுவாப் பக்கத்துச் செம்மண்ணில் தூவி நீர் தெளித்தேன். நாடா சிவக்கவே இல்லை. அதே உப்பைக் கரிசலில் தூவித் தெளித்தபோது இரண்டாம் நாள் லேசாகச் சிவந்தது. காரணம் மண்ணின் அமிலத்தன்மை. கேரளச் செம்மண்ணின் பி.எச். 5.5 அளவில் இருந்தால், பத்தாயிரம் அம்மோனிய அயனிகளில் இரண்டு மட்டுமே வாயுவாக இருக்கும். கரிசலின் பி.எச். 8-ஐத் தாண்டும், உள்ளே சுண்ணாம்புக் கல்லும் கலந்திருக்கும். 8.25-இல் பதினொன்றில் ஒன்று வாயு. 9.25 ஆனால் சரிபாதி. அம்மோனியம் சல்பேட்டில் காற்றில் போகும் பயமே இல்லை என்று ஒரு கேரள விவசாயி சொன்னால் அது அவர் மண்ணுக்குச் சரி. அந்த வார்த்தையைக் கணவாய் தாண்டிக் கொண்டுவரக் கூடாது.

கேரளத்துக்கு வேறு கவலை. அங்கே உரம் மேலே போவதில்லை, கீழே போகிறது. இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை, அம்மோனியத்திலிருந்து உருவாகும் நைட்ரேட்டை வேருக்கு எட்டாத ஆழத்துக்குக் கழுவிக்கொண்டு போகும். அதனால்தான் மானாவாரித் தென்னைக்கு உரத்தை ஒரே தடவையில் வைக்காமல், மழை தொடங்கும் காலத்தில் மூன்றில் ஒரு பங்கும், பெருமழை ஓய்ந்த செப்டம்பர், அக்டோபரில் மீதியும் வட்டப்பாத்தியில் இட்டு மூடச் சொல்கிறார்கள். மட்டாஞ்சேரிக்குத் தெற்கே செல்லானம், கும்பளங்கிப் பக்கத்துப் பொக்காளி வயல்களிலோ இந்தக் கேள்வியே எழுவதில்லை. உவர்நீர் ஏறி இறங்கும் அந்த வயல்களில் நெல்லுக்குப் பின் இறால், இறாலுக்குப் பின் நெல். இறாலின் கழிவும் நெல்தாளும் மட்கிப் பயிருக்கு ஊட்டமாகின்றன, மூட்டை உரம் போடுவதில்லை.

கரிசலுக்குத் திரும்புவோம். நைட்ரஜன் பறந்து போகாமல் மண்ணில் தங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், ஈரமில்லாமல் அது வேருக்குப் போய்ச் சேராது. வேர் உரத்தைக் கடித்துத் தின்பதில்லை. மண்துகளைச் சுற்றியுள்ள நீர்ப்படலத்தில் நீந்தி வரும் அயனியைத்தான் அது உறிஞ்சும். மண் காயக் காய அந்தப் படலம் மெலிந்து துண்டு துண்டாக அறுந்துவிடும். அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களும் வறட்சியில் முடங்கிவிடும். பக்கத்திலேயே சோறிருந்தும் பாதை அடைபட்ட நிலை அது. பயிர் மஞ்சளாக நிற்கிறதே என்று அந்த நேரத்தில் இன்னொரு மூட்டையைப் பிரிப்பது பெரிய தவறு. உப்பு கூடக் கூட, இருக்கிற கொஞ்ச நீரையும் வேர் இழுப்பது கடினமாகும். விதையை ஒட்டி உரம் விழுந்தால் முளையே கருகும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கரிசல் பயிர் பெரும்பாலும் மண்ணில் சேமித்த ஈரத்தில்தான் கதிர் பிடிக்கிறது. தொடக்கத்தில் நைட்ரஜன் அதிகமானால் இலை செழிக்கும், பார்க்க அழகாக இருக்கும். அந்த இலைகளே மண்ணின் நீரைச் சீக்கிரம் குடித்துத் தீர்த்துவிடும். பால் பிடிக்கிற நேரத்தில் நீரிருக்காது. கிடைப்பது சோளத்தட்டை, தானியம் இல்லை. ஆஸ்திரேலியக் கோதுமை விவசாயிகளும் இந்தத் துயரத்தை நன்றாக அறிவார்கள். வறட்சியில் வாடிய இளஞ்சோளத்தில் நைட்ரேட்டும் சயனைடு நஞ்சும் ஏறியிருக்கும், மேய்ந்த மாடு அங்கேயே விழுந்துவிடும். நைட்ரஜன் மிகுந்தால் அந்த நஞ்சும் மிகும்.

காய்ந்த மண்ணுக்கு ஒரு நல்ல குணமும் இருக்கிறது, அதைப் பலரும் மறந்துவிடுகிறோம். உழுத புழுதி ஒரு பலம் எடையிலிருந்து கால் பலமாகும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் தேவைப்படாது என்று திருக்குறளின் உழவு அதிகாரம் சொல்கிறது. கவிதைக்காகச் சொன்ன மிகை என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கிழக்கு ஆப்பிரிக்காவில் மண் ஆய்வு செய்த எச்.எஃப். பர்ச் 1958-இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தபோது அந்த எண்ணம் மாறியது. நன்றாகக் காய்ந்த மண்ணில் முதல் மழை பட்டதும், மட்கு திடீரென்று வேகமாகச் சிதைந்து, பயிர் எடுக்கக்கூடிய நைட்ரஜன் மளமளவென வெளிப்படுவதை அவர் அளந்து காட்டினார். எவ்வளவு காய்ந்ததோ அவ்வளவுக்கு வெளிப்பாடும் கூடுகிறது. வறட்சியில் செத்த நுண்ணுயிர்களின் உடலும், அதுவரை பூட்டிக் கிடந்த மட்கும் உயிரோடு எஞ்சியவற்றுக்கு விருந்தாகின்றன. மண்ணியலில் இதற்கு பர்ச் விளைவு என்று பெயர். மட்கு தீர்ந்த மண்ணில் இது நடக்காது, எருவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமும் இல்லை. ஆனால் முதல் உழவு மழையோடு மண்ணே கொஞ்சம் நைட்ரஜன் தருகிறது, அதைப் பிடிக்க அந்த நேரத்தில் வேர் இருக்க வேண்டும்.

கரிசலில் மழைக்கு முன்பே விதைக்கும் பழக்கம் காய்ந்த மண் உரத்தைக் கெடுப்பதில்லை, முதல் மழையில் மண்ணே நைட்ரஜன் தரும் என்ற இரண்டு உண்மைகளையும் ஒருசேரப் பயன்படுத்துகிறது. புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழை இறங்கும் முன்பே, ஊறவைத்து உலர்த்திக் கடினப்படுத்திய விதையைக் காய்ந்த மண்ணில் இரண்டு அங்குல ஆழத்தில் விதைப்பார்கள். தூறலுக்கு அந்த விதை ஏமாறாது, ஆழம்வரை நனைக்கும் மழைக்குத்தான் முளைக்கும். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் முறை இது. உரத்தையும் விதைக்கருவி வழியாக, விதையை ஒட்டாமல் அதற்குப் பக்கவாட்டிலும் கீழுமாக இறக்கிவிட்டால் அதுவும் தூறலுக்கு ஏமாறாது. முளைக்கச் செய்யும் மழையே உரத்தையும் எழுப்பும்.

அளவும் பெரிதில்லை. மானாவாரிச் சோளத்துக்கு ஹெக்டேருக்கு 40 கிலோ நைட்ரஜன் என்பது பரிந்துரை. யூரியாவாகக் கணக்கிட்டால் ஏக்கருக்கு 35 கிலோ, ஒரு சென்ட்டுக்கு 350 கிராம். 45 கிலோ மூட்டையில் ஒன்றுகூட முழுதாகத் தேவையில்லை. இவ்வளவு சிறிய அளவில் மூன்றில் ஒரு பங்கு பறந்தால் பயிர் அதை உடனே உணரும்.

வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே, பறக்காது என்று பலர் நம்புகிறார்கள். 2015 முதல் நம் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. வேம்பு தடுப்பது அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் வேகத்தை. மழைமிகுந்த நிலத்தில் அது பெரிய உதவி. யூரியேஸை அது கணிசமாகத் தடுப்பதில்லை, ஆகவே கரிசலின்மேல் கிடக்கும் குருணையைக் காப்பாற்றாது. யூரியேஸைத் தடுக்கும் பூச்சுகள் தனியே உண்டு, அவை வெளிநாடுகளில் பரவலாகப் புழங்குகின்றன. நம் மானாவாரி விவசாயிக்கு முதலில் வந்திருக்க வேண்டியது அந்தப் பூச்சு என்பது என் உறுதியான கருத்து.

பெரியவரிடம் கடைசியாகச் சொன்னதையே உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். மேலுரம் போட நினைக்கும் நாளில் மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். அடிமண்ணை உள்ளங்கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கிறதா? பிடித்தால் பனி காய்ந்த பிறகு பயிர் வரிசைக்கு இடையே சால் கிழித்து, அதில் உரத்தை இட்டு, அன்றே மண் தள்ளி மூடிவிடுங்கள். மேல்மண் மட்டும் நனைந்து அடியில் புழுதியாக இருந்தால், தூறலைக் கண்டு அவசரப்பட்டு மூட்டையைப் பிரிக்க வேண்டாம். அடுத்த மழை வரை அது கட்டியபடியே வீட்டுத் திண்ணையில் இருக்கட்டும்.